மேடேறிய செம்மண் ரோடு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டார் போகும் பழைய பெருஞ்சாலையில் பீடோங்கைத் தாண்டியதும் இடப்பக்கம் ஜெராய் மலை எழுந்து நிற்கும். உயரம் 1,217 மீட்டர். அக்கம்பக்கத்தில் அதற்கு இணையான மலை இல்லாததால் அந்தக் காலத்தில் கடலில் வந்த கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். அதன் அடிவாரத்திலும், தெற்கிலும் கிழக்கிலும் அலையலையாகக் கிடக்கும் குன்றுகளிலும், தார் ரோட்டை விட்டுப் பிரிந்து செம்பனைக்குள்ளும் மிஞ்சிய ரப்பருக்குள்ளும் ஏறிப்போகும் சிவந்த பாதைகள் ஏராளம். மலாய்க்காரர்கள் அவற்றை ‘ஜாலான் தானா மேரா’ என்பார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அது செம்மண் ரோடு. வரைபடத்தில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரே இல்லை.

இவற்றைப் போட்டது யார் என்று கேட்டால் “கம்பெனி போட்டது” என்று பதில் வரும். கம்பெனி பணம் கொடுத்தது, துரை உத்தரவு கொடுத்தார். ஆனால் மழைத் தண்ணீர் மேட்டில் எந்த இடத்தில் பாயும், எங்கே திருப்பிவிட்டால் மண் நிற்கும், எந்தக் குழியின் செம்மண் பிடிக்கும், எது வழுக்கும் என்பதையெல்லாம் அந்த மேட்டிலேயே நின்று கற்றவர்கள், கூடையும் மண்வெட்டியும் தூக்கியவர்கள்தாம். கெடா தமிழரைப் பற்றிய எழுத்தில் பால்மரம் வெட்டியவருக்கு இடம் உண்டு. ரோடு போட்டவருக்கு அது கிடைக்கவில்லை. இது ஒரு குறை, சின்னக் குறையும் அல்ல. ரோடு இல்லாத மேட்டிலிருந்து ஒரு சொட்டுப் பாலும் ஆலைக்கு இறங்கியிருக்காது.

கெடா இரண்டு வகை நிலம். வடக்கே நெல் வயல். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டையான பூமி. அங்கே போக்குவரத்தைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. 1885 வாக்கில் தலைமை அமைச்சர் வான் முகமட் சமான் வெட்டத் தொடங்கிய கால்வாய், அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் பக்கம் ஜெராய் அடிவாரம் வரை ஏறத்தாழ 35 கிலோமீட்டருக்கு நேர்கோடாக ஓடுகிறது. பயிருக்கும் பாசனம், படகுக்கும் வழி. தெற்கே கோல மூடா, கூலிம், பாலிங் மாவட்டங்களில் நிலம் மேடும் பள்ளமுமாக உடைந்துவிடுகிறது. ஆறுகள் இருந்தன, படகுகளும் இருந்தன. ஆனால் ரப்பர் ஆற்றங்கரையில் மட்டும் நடப்படவில்லை. தண்ணீர் தேங்காத சரிவு நிலம்தான் அந்த மரத்துக்குப் பிடிக்கும். ஆகவே தெற்குக் கெடாவின் வரலாறு, மேட்டில் ரோடு போட்ட வரலாறாகவும் ஆயிற்று.

1909 மார்ச் 10ஆம் நாள் பாங்காக்கில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி சயாம் கெடா மீதான தன் மேலாண்மையைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. ஜார்ஜ் மேக்ஸ்வெல் முதல் பிரிட்டிஷ் ஆலோசகராக அலோர் ஸ்டாருக்கு வந்தார். ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலம் அது. 1915இல் ரயில் அலோர் ஸ்டார் வரை வந்துவிட்டது. ரயிலும் ரப்பரும் சேர்ந்து சுங்கை பட்டாணியைப் பெரிய ஊராக்கின. அதைச் சுற்றியும் கூலிம், பாடாங் செராய் பக்கமும் ஹார்வர்ட், பட்டாணி பாரா, ஸ்கார்பரோ, சுங்கை தூக்காங், விக்டோரியா, ஹென்ரியட்டா, டப்ளின் என்று தோட்டப் பெயர்கள் பெருகின. ரயில் நிலையத்துக்கும் தோட்டத்து ஆலைக்கும் இடையே, ஆலைக்கும் கடைசி மேட்டு நிரைக்கும் இடையே, ரோடு ஒன்றுதான் கயிறு.

அந்த ரோட்டு வேலைக்கு வந்தவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள். 1907இல் மலாயாவில் ஏற்பட்ட குடிநுழைவு நிதி பயணச் செலவை ஏற்றுக்கொண்டது. கங்காணிகள் சொந்த ஊருக்குப் போய் ஆள் திரட்டிவந்தார்கள். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இது நடந்தது. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு என்று பல மாவட்டங்கள். எல்லோரும் தோட்டத்துக்குப் போகவில்லை. ரயில்வேயும் பொதுப்பணித் துறையும் நகராட்சிகளும் தமிழர்களையே ரோட்டு வேலைக்கு எடுத்தன. ரோட்டோர வரிசை வீடுகளான லயங்களில் மண்டோர் ஒருவரின் கீழ் குடும்பம் குடும்பமாக வாழ்ந்து, தங்கள் பங்குக்கு விடப்பட்ட சில மைல் ரோட்டைப் பார்த்துக்கொள்வதே அவர்கள் பிழைப்பு. அளவைச் சங்கிலியும் கணக்குப் புத்தகமும் பிடித்த ஓவர்சியர்களில், கிராணிகளில் யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் இருந்தார்கள்.

சமவெளியில் பிறந்தவருக்கு மலைச்சரிவைப் பற்றி என்ன தெரியும் என்று தோன்றலாம். தெரிய வேண்டிய அடிப்படை தெரியும். ஏரிக்கரைக்கு மண் போட்டு மிதித்து இறுக்குவதும், மதகுக்கு முன்னால் தூர் வாருவதும், வாய்க்காலின் வாட்டம் பார்ப்பதும் தமிழ்நாட்டுக் கிராமத்தில் குடிமராமத்து என்ற பெயரில் காலங்காலமாக நடந்துவந்த வேலை. மண்ணும் தண்ணீரும் எப்படி நடந்துகொள்ளும் என்ற படிப்பு அது. ஊரில் சிதறிய தண்ணீரை ஒன்றுசேர்த்துக் கொண்டுவர வேண்டும். கெடா மேட்டில் அதைச் சேரவே விடக் கூடாது. வேலை தலைகீழ், அறிவு ஒன்றுதான்.

இனி, அந்தச் செம்மண். வெப்பமும் மழையும் மாறி மாறி வரும் நாட்டில், பாறை நெடுங்காலம் மக்கிக் கரைந்து, மற்றவையெல்லாம் மழையில் கழிந்துபோக, இரும்பும் அலுமினியமும் மட்டும் தங்கி இறுகுவது அது. தமிழில் செம்புறாங்கல் என்கிறோம், மலையாளத்தில் வெட்டுகல். உலக அறிவியலுக்கு ‘லேட்டரைட்’ என்ற பெயர் போனதும் நம் பக்கத்து மண்ணிலிருந்துதான். 1800ஆம் ஆண்டு மலபாரின் அங்காடிப்புரத்தில் மண்ணுக்குள்ளிருந்து கத்திபோன்ற கருவியால் கட்டி கட்டியாக வெட்டியெடுக்கப்பட்டு, வெளியே காற்றுப்பட்டதும் செங்கல்லாக இறுகும் இந்தக் கல்லைப் பிரான்சிஸ் புக்கானன் கண்டார். செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வைத்து, 1807இல் வெளியான தன் பயண நூலில் எழுதினார்.

தோண்டும்போது மென்மை, காய்ந்தால் உறுதி என்ற குணம்தான் ரோட்டுக்கு வேண்டியது. கருங்கல்லை உடைக்க வெடிமருந்து வேண்டும், சம்மட்டி வேண்டும், நாள் கணக்கில் ஆள் வேண்டும். செம்புறாங்கல் குன்றை மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் கொத்தி எடுத்துவிடலாம். அதில் கோலிக்குண்டு அளவு உருண்டைகள் இருக்கும், அவற்றைப் பிடித்துக்கொள்ளும் களியும் கூடவே இருக்கும். கல்லும் பசையும் ஒரே குழியில். களி கொஞ்சம் கூடினால் மழையில் வழுக்கும், குறைந்தால் வெயிலில் உதிரும். நல்ல குழி எது என்பது கைப்பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து பார்த்துத் தெரிய வேண்டிய விஷயம். இன்றைய மண் பரிசோதனைக் கூடமும் அடிப்படையில் அளந்து பார்ப்பது அதே ஒட்டும் தன்மையைத்தான்.

இதே மண்ணை இதே மலையடிவாரத்தில் நம்மவர்கள் அறிந்த பழைய காலம் ஒன்றும் உண்டு. ஜெராய் மலையின் தெற்கே பூஜாங் பள்ளத்தாக்கு. 1025இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம் இந்த வட்டாரமே. அங்கே கண்டெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்களில் செங்கல்லும் கருங்கல்லும் ஆற்றுக் கூழாங்கல்லும் செம்புறாங்கல்லும் கலந்திருக்கின்றன. மெர்போக்கில் மலைச்சரிவில் நிற்கும் புக்கிட் பாத்து பஹாட் கோயிலின் பெயருக்கே ‘உளியால் செதுக்கிய கல் குன்று’ என்றுதான் பொருள். 1936, 1937 ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்தார்; 1959, 1960 வாக்கில் அலாஸ்டர் லேம்ப் அதை மீண்டும் எழுப்பினார். சற்றுத் தள்ளி சுங்கை பாத்துவில், செம்பனைத் தோட்ட நிலத்துக்குள், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிவந்தன. இரும்பு மிகுந்த மண்ணில் இரும்பு உருக்கினார்கள், அதே மண்ணின் கல்லில் கோயில் அடித்தளம் போட்டார்கள். பல நூற்றாண்டு கழித்து அதே சிவப்பைக் கூடையில் அள்ளித் தோட்டத்து ரோட்டில் கொட்டினார்கள்.

சரிவில் ரோடு போடுவது எப்படி? கேள்வி எளிது. தவறாகச் செய்வதும் எளிது. மேட்டின் உச்சிக்குப் போக வேண்டும் என்றால் நேராக ஏறுவதுதான் கிட்டத்து வழி. ஆனால் நேரான ரோடு மழைக்காலத்தில் ஓடையாகிவிடும். ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டிப்போகக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே வில்லியம் ஹாப்கின்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். சரிவு கொஞ்சம் கூடினாலே தண்ணீர் துள்ளத் தொடங்கும். அதன் பிறகு எவ்வளவு நல்ல சல்லியைக் கொட்டினாலும் அடுத்த அடைமழையில் அது அடிவாரத்தில் கிடக்கும்.

அதனால் முதல் வேலை, மலையைச் சுற்றிக்கொண்டு மெதுவாக ஏறும் கோட்டைத் தேடுவது. 20 அடி நடந்தால் 1 அடி உயரம் என்பது மாட்டு வண்டியும் மூச்சு வாங்காமல் ஏறக்கூடிய வாட்டம். இன்றைய இந்திய மலைச்சாலை விதியிலும் மலைப் பகுதிக்கு அதே 20க்கு 1தான் வழக்கமான அளவு. தோட்டத்தில் எல்லா இடத்திலும் அது கிடைக்காது. மேடு செங்குத்தாக இருந்தால் வளைத்துத் திருப்ப வேண்டும், திருப்பத்தில் நிலத்தை அகலமாக வெட்ட வேண்டும். மலைப்பக்கம் வெட்டிய மண்ணைப் பள்ளப்பக்கம் தள்ளி அதன்மேலேயே ரோட்டைப் போடும் ஆசை யாருக்கும் வரும். அப்படித் தள்ளிய புதுமண் முதல் மழையிலேயே சரிந்துவிடும். வேரும் சருகும் நீக்கி, படி படியாக வெட்டிய தரையில், கொஞ்சம் கொஞ்சமாக மண் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்து ஏற்றினால்தான் நிற்கும்.

அடுத்தது தண்ணீர். ரோட்டு வேலையில் பாதிக்கு மேல் ரோட்டுக்கு வெளியேதான் நடக்கிறது. மலைப்பக்கம் ஒரு கால்வாய். மேட்டிலிருந்து வடியும் தண்ணீரை அது வாங்கிக்கொள்ளும். அந்தக் கால்வாயே நீண்டு போனால் அதில் சேரும் தண்ணீர் கரையை அரிக்கும். ஆகையால் சில பத்தடிகளுக்கு ஒருமுறை ரோட்டின் அடியே குழாயோ கல் மதகோ வைத்துத் தண்ணீரைப் பள்ளப்பக்கம் கழித்துவிட வேண்டும். கழித்துவிடும் வாயிலும் கல் பரப்ப வேண்டும், இல்லையென்றால் அங்கே ஒரு குழி விழுந்து, குழி மேல்நோக்கித் தின்றுகொண்டு வந்து கடைசியில் ரோட்டையே விழுங்கும். ரோட்டின் மேல்பரப்பு நடு முதுகு உயர்ந்து இரு பக்கமும் சரிய வேண்டும். மேல்பரப்பில் விழும் மழை ரோட்டோடு இறங்காமல் ரோட்டை விட்டு இறங்குவதற்குத்தான் இத்தனையும். செங்குத்தான இடத்தில் முதுகு மட்டும் போதாது. ரோட்டுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு சின்ன வரம்பு கட்டி, அல்லது கட்டையைப் புதைத்து, இறங்கிவரும் தண்ணீரைப் பக்கத்தில் ஒதுக்கிவிடுவார்கள். வயல் வரப்பு தெரிந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகே கல். அடியில் பெருங்கல், அதன்மேல் கப்பி, அதற்கும் மேல் செம்மண் கலந்த பொடிச்சல்லி. ஆற்றில் கிடக்கும் கூழாங்கல் அழகாக இருக்கும், சரிவுக்கு ஆகாது. உருண்டையானது உருளும். உடைத்த கல்லின் மூலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், நசுக்க நசுக்க இறுகும். செம்மண்ணைப் போடும்போது அது ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் சேறாக இருக்கக் கூடாது. காய்ந்த மண்ணை எவ்வளவு இடித்தாலும் இறுகாது. ஒரு அடுக்கு இடித்து இறுகியதும் அடுத்தது. ஒரே நாளில் ஒரு அடி உயரம் கொட்டி உருட்டினால் மேலே மட்டும் இறுகி, உள்ளே பொக்காக இருக்கும்.

உடைத்த கல்லின் இந்தத் தத்துவத்துக்கு உலகம் கொடுத்த பெயர் மெக்காடம். 1816இல் பிரிஸ்டல் நகரச் சாலைகளின் பொறுப்பை ஏற்ற ஜான் மெக்காடம், மேல் அடுக்கின் கல் 6 அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றார். வாயில் போட்டுப் பார்த்து அளவு தெரிந்துகொள்ளும்படி வேலையாட்களிடம் அவர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்தியது கல்லையல்ல, அடிமண் ஈரமாகாமல் காப்பதைத்தான். சுமையைத் தாங்குவது காய்ந்த மண்; கல் அதற்குக் கூரை. கெடா மழையில் அந்தக் கூரைக்கு வேலை இன்னும் அதிகம்.

மெக்காடத்தின் முறை கெடாவுக்கு இங்கிலாந்திலிருந்து நேராக வரவில்லை. நடுவில் இலங்கை மலைநாடு இருக்கிறது. 1820களில் ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பிலிருந்து கண்டிக்கு மலையைக் குடைந்து ரோடு போட்டார்கள். பின்னர் காப்பித் தோட்டங்களுக்குக் கிளை ரோடுகள் ஏறின; தென்னிந்தியத் தமிழர் உழைப்பு அவற்றில் எங்கும் உண்டு. 1869 முதல் பரவிய இலை நோயில் காப்பி அழிந்தபோது, இலங்கைத் துரைமார் பலர் மலாயாவுக்குப் பெயர்ந்தார்கள். கங்காணி, லயம் என்ற ஏற்பாட்டோடு மலையை வளைத்து ஏறும் ரோட்டின் வழக்கமும் அவர்களோடு கடல் தாண்டியது. கண்டி ரோட்டை நடத்திய கேப்டன் டாசனுக்காகக் கடுகண்ணாவையில் 1832இல் எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கிறது. அந்த ரோட்டில் கல் சுமந்து செத்தவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. கெடாவில் கோபுரமும் இல்லை.

ரப்பர் தோட்டத்து ரோடு ஒரு வகையில் அதிர்ஷ்டம் செய்தது. அதன்மேல் ஏறிய பாரம் குறைவு. பால் மரத்திலிருந்து ரோடு வரை மனிதத் தோளில் வந்தது. காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் நிறைந்த வாளிகள் தொங்க, ஆணும் பெண்ணும் ஈரச் சரிவில் கால் பெருவிரலை ஊன்றி இறங்குவார்கள். வழுக்கி விழுந்தால் வாளியோடு அன்றைய உழைப்பும் போயிற்று. அவர்கள் நடந்த ஒற்றையடிப் பாதைக்கு யாரும் சல்லி போடவில்லை. ரோடு அவர்களுக்கு அருகில் எவ்வளவு தூரம் ஏறிவந்தது என்பதே அவர்கள் தோளின் வலியைத் தீர்மானித்தது. ரோட்டுக் கணக்கில் இந்தத் தோள்களையும் சேர்க்க வேண்டும்.

மேட்டை வழுக்கலாக்கியதில் தோட்டங்களின் சொந்தத் தவறும் உண்டு. ஆரம்ப ஆண்டுகளில் மரத்தடியில் ஒரு புல்லும் இருக்கக் கூடாது என்று சுரண்டிச் சுத்தமாகக் களையெடுத்தார்கள். பார்க்கத் துடைத்துவைத்த முற்றம்போல இருந்தது. மேல்மண் எல்லாம் மழையோடு ஆற்றுக்குப் போயிற்று, போகும் வழியில் ரோட்டுக் கால்வாய்களை அடைத்துக்கொண்டும் போயிற்று. இந்த முறை மண்ணைக் கொல்கிறது என்ற உணர்வு 1920களில் வலுத்தது. சரிவை வளைந்து தொடரும் படிக்கட்டு நிரைகள், மண் தேங்கும் குழிகள், தரையைப் போர்த்தும் பயறுவகைக் கொடிகள் ஆகியவை வந்தன. 1925இல் உருவான மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் இதில் கவனம் செலுத்தியது. மேட்டில் மண் நின்ற பிறகுதான் கீழே ரோடும் நின்றது. சல்லி ரோடு பழுதாகிறது என்றால் சல்லியை மட்டும் பார்ப்பது பயனற்றது. மேலே சரிவைப் பார்க்க வேண்டும்.

அடுத்த அடி வேறு பக்கமிருந்து வந்தது, வந்த இடம் வேதனையானது. மாட்டு வண்டியின் இரும்புப் பட்டை சல்லியை நசுக்கும். நசுங்கிய தூள் இடுக்கில் இறங்கி ரோட்டை இறுக்கும். வண்டி ஓட ஓட ரோடு பழுக்கும் என்பதே மெக்காடம் ரோட்டின் கணக்கு. காற்றடைத்த ரப்பர் டயர் அந்தக் கணக்கை உடைத்தது. வேகமாக ஓடும் டயர் கல்லை நசுக்காமல் இடுக்கிலுள்ள தூளை உறிஞ்சி வெளியே எறிந்தது. தூள் போனால் பிடிப்பு போயிற்று, பிடிப்பு போனால் கல் உதிர்ந்தது. ஐரோப்பாவில் புழுதி பெரும் தொல்லையாகி, 1908இல் பாரீசில் கூடிய முதல் உலகச் சாலை மாநாடு அதையே முக்கியமாகப் பேசியது. விடை தார். எட்கர் ஹூலி 1902இலேயே தார் கலந்த சல்லிக்கு உரிமம் பெற்றிருந்தார். செம்மண் ரோட்டில் இறங்கிப்போன ரப்பர், டயராகித் திரும்பிவந்து செம்மண் ரோட்டையே தின்றது. பெருஞ்சாலைகள் தார் பூசித் தப்பித்தன. தோட்டத்து உள்ரோடுகளுக்குத் தார் வரவில்லை. அங்கே லாரி வந்தது, ரோடு பலகைபோல அலை அலையாக மடிந்தது, அதைச் சரிசெய்ய மண்வெட்டியோடு அதே கைகள் நின்றன.

1941 டிசம்பரில், தார் பூசிய அந்த நல்ல ரோடுகளில் போர் வந்தது. சயாமிலிருந்து இறங்கிய ஜப்பானியப் படை ஜித்ராவை உடைத்துக்கொண்டு பெருஞ்சாலை வழியே தெற்கே பாய்ந்தது. ஜெராய் மலைக்கும் கிழக்கிலிருந்த காட்டுக்கும் நடுவே ரோடும் ரயிலும் ஒடுங்கிப்போகும் குரூணில் பிரிட்டிஷ் படை நிற்கப் பார்த்தது. டிசம்பர் 15இல் அதுவும் சிதறியது. பின் நடந்ததைக் கெடாத் தமிழ்க் குடும்பங்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டாம். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர். மலைச்சரிவில் மண் வெட்டி, கூடையில் சுமந்து, கரை எழுப்பி, சல்லி பரப்பும் வேலை. எந்தத் திறமைக்குத் தோட்டத்தில் கூலி வாங்கினார்களோ, அதே திறமைக்கு அங்கே காலராவும் பட்டினியும் பிரம்படியும் கிடைத்தன. பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. திரும்பிவராதவர்கள் ஏராளம்.

திரும்பியவர்கள் பழைய பணிவோடு திரும்பவில்லை. 1946, 1947இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைக்கு எதிராகவும் சுயமரியாதைக்காகவும் தோட்டத்துக்குத் தோட்டம் பரவியது. துரையின் கார் வந்தால் ஒதுங்கி நின்ற ரோட்டில் இளைஞர்கள் நிமிர்ந்து நடந்தார்கள்.

சொந்தமாக ஒரு மேடு கிடைத்த நாளும் கெடாவில்தான் வந்தது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. மலாயா இந்திய காங்கிரஸ் தலைவர் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக நடந்து பத்து வெள்ளி, இருபது வெள்ளியாகத் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். பெயரிலேயே குன்று இருக்கிறது. அப்பனும் பாட்டனும் கம்பெனிக்காக ரோடு போட்ட மண்ணில், முதல் முறையாகத் தன் பங்கும் இருக்கிற ரோட்டில் தொழிலாளி நடந்தார்.

செம்பனை வந்ததும் ரோட்டின் கதை திரும்பவும் மாறியது. ரப்பர் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு ஒன்றரை டன் அளவுக்குக் காய்ந்த சரக்கு தந்தால், செம்பனை சுமார் 20 டன் குலை தரும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலை சேர்க்காவிட்டால் எண்ணெய் கெடத் தொடங்கும். மழை ஓயட்டும் என்று காத்திருக்க முடியாது. தோளில் வந்த பால் போய், சேற்றில் புதையும் லாரி வந்தது. ஏற்றங்களில் செம்மண் தோற்றது. சக்கரம் ஓடும் இரண்டு தடத்துக்கு மட்டும் சிமென்ட் பட்டை போட்டு நடுவே மண்ணை விடும் வழக்கம் அதற்கு வந்த ஒரு விடை. இயந்திரம் ஒரு காலைப்பொழுதில் ஒரு மேட்டையே வெட்டிவிடுகிறது. கால்வாய் இல்லாமல், குறுக்கு வடிகால் இல்லாமல் அப்படி வெட்டிய ரோடு ஒரு பருவமழையில் ஓடையாகிறது. அதற்குப் பக்கத்திலேயே கையால் வெட்டிய பழைய ரோடு, லாரியே ஏறாமல் புல் முளைத்துக் கிடந்தாலும், வடிவம் குலையாமல் இருக்கும். அந்த வித்தியாசத்தைப் பார்த்த யாரும் பழைய வேலையாட்களைத் திறமையற்ற கூலி என்று சொல்ல மாட்டார்கள். குடிநுழைவு ஆவணங்கள் அவர்களை அப்படித்தான் எழுதிவைத்திருக்கின்றன.

சுங்கை பட்டாணியைச் சுற்றியுள்ள தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். 1994இல் முழுமையடைந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலை பழைய பெருஞ்சாலையின் கூட்டத்தைக் குறைத்துவிட்டது. பீடோங் அருகே செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில், தோட்ட லயத்திலிருந்து வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கிறார்கள். சந்தோஷமான மாற்றம்தான். ஆனால் தோட்டம் மறையும்போது ரோடும் மறைகிறது. ஒவ்வொரு மேட்டுக்கும் லயத்து மக்கள் வைத்திருந்த பேச்சுவழக்குப் பெயர், செம்மண் வெட்டிய குழி, துரை பங்களாவுக்கு ஏறும் திருப்பம், அடியில் கல் அடுக்கிய மதகு ஆகியவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள் சிலரின் நினைவில் மட்டும் இருக்கின்றன.

கெடாத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும், பல்கலைக்கழக மாணவர்களும், கோயில் நிர்வாகத்தில் உள்ள பெரியவர்களும் இதைக் கையில் எடுக்கலாம். பெரிய பணம் வேண்டாம். ஒரு தோட்டத்துக்கு ஒரு முதியவரை உடன் அழைத்துக்கொண்டு பழைய ரோட்டில் ஏறி, மதகுகளைப் படம் எடுத்து, மேட்டின் பெயரையும் ரோட்டு வேலை செய்த குடும்பங்களின் பெயரையும் எழுதிவைத்தால் போதும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கெடாவில் மழை குறைந்திருக்கும், மண் காய்ந்திருக்கும். வயதானவர்கள் மேடேற அந்த இரண்டு மாதமே நல்லது.